பதில்: ஒல்லி டயரோடு லுவார் பள்ளத்தாக்கு

25 மி.மீ. அகல சைக்கிள் டயரோடு பிரான்சின் தூர் நகரிலிருந்து சோமூர் வரை லுவார் ஆற்றோரம் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம், ஆனால் திசையை மாற்றுங்கள். அங்கே அட்லாண்டிக்கிலிருந்து வீசும் மேற்குக் காற்றுதான் அதிகம். ஆறு போகிற மேற்குப் பக்கமே போனால் எதிர்காற்றில் மிதிக்க வேண்டியிருக்கும். சோமூரில் தொடங்கினால் அதே காற்று முதுகில் தள்ளும்.

'லுவார் ஆ வேலோ' சைக்கிள் பாதையில் அங்கங்கே சரளைக்கல் வரும். அந்த இடங்களில் பேசாமல் பக்கத்துக் கிராமச் சாலைக்கு மாறிவிடுங்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் ஏற்றம் இருக்கும், பரவாயில்லை. காந்த்-சேன்-மர்த்தேன் கிராமத்தில் கட்டாயம் இறங்குங்கள். வியென் ஆறு லுவாரோடு கலக்கும் இடம். தூர் நகர ஆயராக இருந்த புனித மார்ட்டின் 397இல் இறந்ததும் இங்கேதான். அப்புறம் வியென் கரையோரம் ஷினோன் கோட்டை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், காலையிலேயே ரொட்டி வாங்கிவிடுங்கள்.