ஊதிப் பார்த்தால் 62: நைட்ரிக் ஆக்சைடு நல்லதா, கெட்டதா?

கேள்வி: எனக்கு வயது 36. நான்கு வருடமாக இளைப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. போன மாதம் மருத்துவர் ஒரு கருவியில் ஊதச் சொன்னார். நைட்ரிக் ஆக்சைடு 62 என்று வந்தது. 'இது அதிகம்' என்று தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கச் சொல்லிவிட்டார். ஜிம் நண்பரோ, நைட்ரிக் ஆக்சைடு ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று அதைக் கூட்டும் பவுடரைத் தருகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இன்ஹேலரை விடாதீர்கள், பவுடர் வேண்டாம். நண்பர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் பேசுவது ரத்தக்குழாயைப் பற்றி. உங்கள் தொந்தரவு மூச்சுக்குழாயில் இருக்கிறது.

ரத்தக்குழாயின் உள்சுவர் ஒரு நொதியின் (என்சைம்) உதவியால், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவைத் துளித்துளியாக எந்நேரமும் தயாரிக்கிறது. அது குழாயைத் தளர்த்துகிறது என்பதைக் கண்டறிந்ததற்குத்தான் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. பலருக்குத் தெரியாத இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. நுண்ணிய சிரைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சில வெள்ளை அணுக்கள் சுவரை ஒட்டி உருண்டுகொண்டே போகும். கிருமியோ காயமோ இருந்தால், சுவரில் முளைக்கும் ஒட்டுப்புரதங்களைப் பிடித்து நின்று, செல்களுக்கு இடையே நெளிந்து வெளியே வரும். ஒன்றும் இல்லாதபோது அவற்றை ஒட்டவிடாமல் அனுப்பி வைப்பதில் இந்த வாயுவுக்குப் பங்கு உண்டு. 1991இல் பூனைகளின் குடல் ரத்தக்குழாய்களில் இதன் உற்பத்தியைத் தடுத்துப் பார்த்தார்கள். கிருமி எதுவும் இல்லாமலேயே வெள்ளை அணுக்கள் பல மடங்கு ஒட்டிக்கொண்டன.

சரி, உங்கள் 62க்கு வருவோம். அது மூச்சுக்குழாயில் உள்ள வேறொரு நொதியின் வேலை. ஒவ்வாமை அழற்சியில் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைகள் மூச்சுக்குழாயின் உள்தோலுக்கு வருகின்றன. அவை அந்த நொதியை முடுக்கிவிட, வாயு துளித்துளியாக இல்லாமல் அதிக அளவில், ஓயாமல் உருவாகிறது. இதே சமிக்ஞைகள்தான் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களையும் மூச்சுக்குழாய்க்கு வரவழைக்கின்றன. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து உள்ளே எவ்வளவு கூட்டம் என்று கணிப்போமே, அப்படித்தான் இந்த எண்ணும். பெரியவர்களுக்கு 25க்குக் கீழே குறைவு, 50க்கு மேல் அதிகம். நூறு கோடிப் பங்கு மூச்சுக்காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு இது.

அந்த வாயுவையே தடுத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூச்சில் வாயு நன்றாகவே குறைந்தது. ஒவ்வாமைப் பொருளைச் சுவாசித்ததும் மூச்சுக்குழாய் சுருங்குவது மட்டும் குறையவில்லை. செருப்பை ஒளித்து வைத்தால் கூட்டம் கலைந்துவிடுமா? கூட்டத்தைக் கலைப்பது ஸ்டீராய்டுதான். எண் 50ஐத் தாண்டியிருப்பதால், அது உங்களுக்கு நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். இளைப்பு வந்த நேரத்தில் மட்டும் இழுக்கும், ஸ்டீராய்டு கலக்காத நிவாரண இன்ஹேலர் தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. அதை மட்டும் நம்பிக் காலம் தள்ளுபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலை.

பவுடர்களில் பெரும்பாலும் ஆர்ஜினின், சிட்ருலின், பீட்ரூட் சாறுதான் இருக்கும். இவை உங்கள் அழற்சியைக் குறைக்காது. ஆர்ஜினின் மூச்சில் உள்ள அளவைக் கூட்டிக் காட்டி மருத்துவரைக் குழப்பவும் செய்யும். ரத்த அழுத்த மாத்திரையோ நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கிவிடலாம்.

அடுத்த முறை ஊதப் போகும் நாளில் பீட்ரூட்டும் கீரையும் வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடாமல், குடிக்காமல், உடற்பயிற்சி செய்யாமல் இருங்கள். சளியோ மூக்கு ஒவ்வாமையோ இருந்தால் சொல்லிவிடுங்கள், எண் கூடும். புகைபிடித்தால் குறையும், அதையும் மறைக்காதீர்கள். பத்து விநாடி ஒரே சீராக ஊதும்போது வாயில் ஒரு எதிர்ப்பு தெரியும். அது வேண்டுமென்றே வைத்ததுதான். மூக்கிலும் சைனஸ்களிலும் இந்த வாயு மிக அதிகம். அழுத்தி ஊதினால், வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மெல்லண்ணம் மேலெழுந்து மூக்குப் பக்கத்தை அடைத்துவிடும், நெஞ்சுக்காற்று மட்டும் கருவிக்குப் போகும்.

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தும் எண் இறங்கவில்லை என்றால், மருந்தை மாற்றச் சொல்வதற்கு முன் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் மருத்துவர் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். மருந்து நெஞ்சுக்குள் போகாமல் தொண்டையிலேயே படிந்துவிடுவதைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன்.