மேடை வேண்டாதவர்கள்

அன்புள்ள ஐயா,

ஒன்பது பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவுக்கு ஆறு மாதமாகத் தலைமை வகிக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் யாரையும் பாராட்டியதே இல்லை என்று எல்லோருக்கும் குறை. அதனால் மாதக் கூட்டத்தில் 'இந்த மாத நட்சத்திரம்' என்று ஒருவரை முன்னால் அழைத்துச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினேன். போன மாதம், ரிலீசுக்கு முந்தைய நாள் ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்த டெஸ்டரை அழைத்தேன். அவர் குனிந்த தலை நிமிரவே இல்லை. மறுநாள் வந்து, "இனிமேல் என் பேரைச் சொல்லாதீங்க" என்றார். அதே வாரம், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்னொருவர், "மூணு வருஷமா இங்கே இருக்கேன், என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை" என்று வருத்தப்பட்டார். நான் என்னதான் செய்வது? அந்த டெஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

ம.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

உங்கள் டெஸ்டருக்குக் கூச்சம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறொருவர் நினைவுக்கு வந்தார்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் இதழ்ப் பொறுப்பில் இருந்தேன். எங்களுக்கு மெய்ப்புப் பார்த்த பெரியவர், முகப்புக் கட்டுரையின் தலைப்பில் இருந்த ஒரு பிழையை, பக்கங்கள் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கும்போது பிடித்தார். அதற்கு முன் நான் உட்பட நாலைந்து பேர் அந்தத் தலைப்பைப் பார்த்துத் தாண்டி வந்திருந்தோம். மறுநாள் எல்லோரையும் கூட்டி, அவரை நடுவில் நிறுத்தி, மனம் நிறையப் பாராட்டினேன். கை தட்டினார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் என் அறைக்கு வந்தார். "நீங்க பேசப் பேச அந்தப் பக்கத்தைச் செஞ்ச பையன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நாளைக்கு நான் அவன்கூட உட்கார்ந்து வேலை பார்க்கணும்" என்றார்.

எனக்கு அது உறைக்கவே இல்லை, அவர் சொல்லும்வரை. பிழையைக் கண்டுபிடித்தவரை நாலு பேர் முன்னால் புகழும்போது, பிழை செய்தவரையும் அதே நாலு பேர் முன்னால் நிறுத்திவிடுகிறோம். உங்கள் டெஸ்டரின் பிழையும் யாரோ ஒருவர் எழுதிய நிரலில் இருந்ததுதானே? அவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்திருப்பார்.

அன்று அந்தப் பெரியவரிடம், "சரி, உங்களுக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "புரூஃப் ஒரு நாள் முன்னால் வந்தால் போதும்" என்றார். நான் ஊதிய உயர்வு கேட்பார் என்று நினைத்திருந்தேன். (அதையும் பிறகு வாங்கிக் கொடுத்தோம். அவர் கேட்காததால் தள்ளிப்போட்டிருந்தது தவறு.) அடுத்த இதழிலிருந்து பக்கங்கள் ஒரு நாள் முன்னால் போயின. ஆசிரியர் குழுவே தன் வேலை முறையை அவருக்காக மாற்றிக்கொண்டது. நான் மேடையில் சொன்ன எதையும்விட அது அவருக்குப் பெரிதாக இருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

கணித அறிஞர் கிரிகோரி பெரல்மானைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சுமார் நூறு ஆண்டுகள் யாராலும் தீர்க்க முடியாமல் இருந்த புவான்கரே கணிப்பு என்ற கணிதக் கூற்றை உண்மையென்று நிறுவியவர். 2006இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை மறுத்தார். 2010இல் கிளே கணித நிறுவனம் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசையும் மறுத்தார். விசித்திரமான மனிதர் என்றே உலகம் அவரைப் பற்றி எழுதியது. ஆனால் பரிசை மறுத்ததற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று மிகத் தெளிவானது: இன்னொரு கணித அறிஞரான ரிச்சர்ட் ஹாமில்டனின் பங்களிப்பு தன்னுடையதற்குக் குறைந்ததல்ல. ஹாமில்டன் உருவாக்கிய ரிச்சி ஓட்டம் என்ற முறையின் மேல்தான் பெரல்மானின் நிறுவல் நிற்கிறது. தன் வேலை எப்படி நடந்ததென்று நன்றாகத் தெரிந்தவருக்கு, அதைத் தவறாகச் சொல்லும் பாராட்டு உறுத்தத்தான் செய்யும். கூட்டாக நடந்த வேலைக்கு ஒரே ஒரு 'நட்சத்திரம்' தேடும்போதெல்லாம் நீங்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு, வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. குழந்தைகளிடம் கண்டதை அப்படியே பெரியவர்களுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் மாதாமாதம் யாருக்காவது கொடுத்தே தீர வேண்டும் என்ற ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மூன்றாவது மாதத்திலேயே அது 'இந்தத் தடவை யாருடைய முறை' என்று ஆகிவிடும்.

அப்புறம், அந்த சர்வர் நண்பர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தவர் அவர்தான். அவர் வேலை நன்றாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. நடு இரவில் அழைப்பு வராது, தளம் முடங்காது, யாருக்கும் அவர் நினைவே வராது. தீயை அணைத்தவரை எல்லோரும் பார்க்கிறார்கள், தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை யார் பார்க்கிறார்கள்? அவரைப் பாராட்ட வேண்டுமானால் முதலில் அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். இந்த மூன்று வருடத்தில் நடக்காமல் போன விபத்துகள் எவை என்று கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். ஆண்டு மதிப்பீட்டில் உங்கள் மேலாளர் படிக்கும்படி அதை விவரமாகப் பதிவு செய்யுங்கள். அவர் மேடையை விரும்புகிறவராகவும் இருக்கலாம். அப்படியானால் தாராளமாக மேடை கொடுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. அவர் செய்வதை அவரே குழுவுக்கு விளக்கட்டும்.

யாருக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? தனியாகப் பேசும்போது, "இதுவரைக்கும் உங்க வேலையை யாராவது சரியாகக் கவனிச்சாங்கன்னு தோணின ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்க" என்று கேட்டுப்பாருங்கள். பதிலிலேயே எல்லாம் இருக்கும். ஒருவர் நாலு வரி மின்னஞ்சலை இன்னும் வைத்திருப்பதாகச் சொல்வார். இன்னொருவர், கஷ்டமான அடுத்த வேலையை நம்பிக் கொடுத்தார்கள் என்பார். ஆனால் இதில் கவனம் வேண்டும். நன்றாகச் செய்கிறார் என்பதற்காக அவர் தலையிலேயே மேலும் மேலும் சுமத்துவது பாராட்டு ஆகாது. அதேபோல், கண் விழித்து வேலை செய்ததைக் கூட்டத்தில் புகழாதீர்கள். வேளைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதத் தயங்க வேண்டாம். குமார், எப்ளி என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் அது வாசிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவே பயந்தார்கள். வாசித்தவர்களோ அவர்கள் நினைத்ததைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். 'அருமை', 'சூப்பர்' வேண்டாம். எந்த நாளில் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று இரண்டு வாக்கியம் போதும்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேளுங்கள். அவர் இருக்கைக்கே போய், தனியாக, இரண்டு நிமிடத்தில். கேட்டுவிட்டு, அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தார் என்றும் கேளுங்கள். அன்று கூட்டத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.