பற்பசை மாற்றிய பிறகு வாய் எரிகிறது

கேள்வி: வயது 46. களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். மூன்று கிழமைக்கு முன் கராம்பும் கறுவாவும் சேர்ந்த மூலிகைப் பற்பசை ஒன்று வாங்கினேன். இப்போது உதடு வெடித்து உரிகிறது. கன்னத்தின் உட்பக்கம் பாலாடை மாதிரிக் கழன்று வருகிறது. மீன் குழம்பு வாயில் பட்டால் நெருப்புத்தான். பற்பசைதான் காரணம் என்கிறாள் மகள். இயற்கைச் சாமான் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? மத்தியானம் சாப்பிட்டால் ஒரு வாய் வெற்றிலை போடும் பழக்கமும் உண்டு.

பதில்: மகள் சொல்வது பெரும்பாலும் சரி. பற்பசையால் வாயில் ஒவ்வாமை வருவதற்கு அதில் கலந்திருக்கும் வாசனைப் பொருட்களே முக்கிய காரணம். கறுவாவின் மணத்தைத் தருவது சின்னமால்டிஹைட், கராம்பின் மணத்தைத் தருவது யூஜினோல். இரண்டும் ஒவ்வாமை உண்டாக்குவதில் பேர்போனவை. புதினாவும் சிலருக்கு ஒத்துவராது. மரத்தில் விளைந்தது என்பதற்காக உடம்பு அதை விட்டுவைக்காது, அம்மா. வாய்க்குள் எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது. உதட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் உதடும் கடைவாயும் கூடுதலாக வெடிக்கின்றன.

ஆனால் பாலாடை போலத் தோல் கழல்வதற்கு, நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லோரில் சல்பேட்டும் காரணமாகலாம். அது ஒவ்வாமை அல்ல, வெறும் உறுத்தல். நிறுத்தினால் சில நாளில் அடங்கும்.

இன்றே அந்தப் பற்பசையை நிறுத்துங்கள். மவுத்வாஷும் வேண்டாம். இரண்டு கிழமைக்கு மெதுவான பிரஷால் தண்ணீர் மட்டும் தொட்டுத் துலக்குங்கள், துலக்காமல் விடக்கூடாது. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். உதட்டுக்கு வாசனையில்லாத வாசலின் போதும். கறியிலும் கறுவா, கராம்பைத் தவிருங்கள். ஆறிய பிறகு கறுவா, கராம்பு, புதினா, அந்த நுரைப்பொருள் எதுவும் இல்லாத புளோரைட் பற்பசைக்கு மாறுங்கள்.

வெற்றிலை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பாக்குப் போடுகிறவர்களுக்குக் காரம் பட்டு எரிவது, வாயின் உட்தோல் இறுகத் தொடங்கியிருப்பதன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி, மேல், கீழ் முன்பற்களுக்கு இடையில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டாலோ, துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தாலோ, இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம். கிட்டிய அரச வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவில் உடனே காட்டுங்கள். முடிவு எதுவானாலும் பாக்கை இன்றோடு விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

நாக்கோ தொண்டையோ வீங்கி மூச்சு இறுகினால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

இரண்டு கிழமையில் எரிவு குறையாவிட்டால் தோல் வைத்தியரைப் பாருங்கள். முதுகில் சிறு ஒட்டுகள் ஒட்டி, இரண்டு நாளில் கழற்றிப் பார்த்து, ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்த்து, எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பார்கள். பழைய பற்பசைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாமல் கையோடு கொண்டு போங்கள். அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்து அவருக்குத் தேவைப்படும்.