பொன்ஜூர் சொல்லாமல் கடைக்குள் நுழையாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: பாரிஸ் பயணம்

கேள்வி: போன வருடம் பாரிஸ் போய் வந்த என் மச்சாள், "ஊர் குப்பை, மெட்ரோவுக்குள் மூத்திர நாற்றம், கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்" என்கிறா. ஜூன் மாதம் நாங்கள் நாலு பேர் போகிறோம். இவ்வளவு காசு செலவழித்துப் போகத்தான் வேண்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: போங்கள். ஆனால் மச்சாள் சொன்னதில் முதல் இரண்டும் உண்மை. மெட்ரோவின் நீண்ட நடைபாதைகளிலும் பாலங்களுக்குக் கீழும் அந்த நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. வீதியோரத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும் பொதுக் கழிப்பறைகள் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடாதீர்கள். கதவு மூடி, உள்ளே தானாகக் கழுவி முடித்து, பச்சை விளக்கு எரிந்த பிறகே போக வேண்டும்.

மூன்றாவது குறையை அப்படியே ஏற்க முடியாது. அங்கே கடைக்குள் கால் வைத்ததும் "பொன்ஜூர்" (வணக்கம்) என்பது கட்டாயம். அதைச் சொல்லாமல் நேரே "இது என்ன விலை?" என்று தொடங்கினால், வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று அதட்டியதுபோல எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் இங்கே சிரித்து, தலையை அசைத்தால் போதும். அங்கே வாயால் சொல்ல வேண்டும். பேக்கரி, பஸ் சாரதி, மருந்துக்கடை எல்லா இடமும் அதே கதைதான். வெளியேறும்போது "மெர்சி, ஓ ரெவுவார்" (நன்றி, போய் வருகிறேன்). இந்த மூன்று சொல்லும் இருந்தால் முக்கால்வாசிக் கடுகடுப்பு காணாமல் போய்விடும். உணவகத்தில் போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். "ஊன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் சாடியில் இலவசமாக வரும். சேவைக் கட்டணம் பில்லிலேயே அடங்கிவிடும்.

ஜூன் மாதம் போவதால் இன்னொன்று. கொழும்பில் ஆறரைக்கே இருட்டிவிடும். அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணியாகும். ஈஃபில் கோபுரம் இருட்டிய பின் ஒவ்வொரு மணித்தியாலத் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மினுங்கும். எட்டு மணிக்குப் போய்க் காத்திருந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர். கோபுரத்தின் மேலே ஏறினால் பாரிஸின் அழகான காட்சி ஒன்று குறைந்துவிடும், அந்தக் கோபுரமேதான். கோபுரத்துக்கு எதிரே உள்ள ட்ரொக்கதேரோ மேட்டில் நின்று பாருங்கள், காசும் மிச்சம். ஏறத்தான் ஆசை என்றால் இரண்டாம் தளம் வரை 674 படிகள் உண்டு, அதன் டிக்கெட் லிஃப்டைவிட மலிவு.

சாக்ரே கேர் தேவாலயப் படிகளில் நூல் வைத்திருப்பவர்களிடம் கவனம். "நண்பரே" என்று விரலைப் பிடித்து நூலை முடிந்துவிட்டுக் காசு கேட்பார்கள். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நில்லாமல் நடந்துவிடுங்கள்.

கேள்வி: செவ்வாய் காலை சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி ஞாயிறு இரவு திரும்புகிறோம். நாங்கள் இருவரும், 14, 16 வயதுப் பிள்ளைகளும். தங்குவது லாசப்பலில் (பாரிஸின் தமிழ்க் கடைப் பகுதி) உறவினர் வீட்டில். எந்த டிக்கெட் எடுப்பது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் நாட்களுக்கு வாரப் பாஸ்தான் பொருத்தம். 2025 விலையில் கணக்குப் போடுவோம் (ஜனவரி தோறும் கொஞ்சம் ஏறும்). விமான நிலைய டிக்கெட் ஒரு வழிக்கு 13 யூரோ, போக வர 26. டிக்கெட்டை ஏற்றும் நவிகோ ஈஸி அட்டைக்கு 2. ஆக ஒருவருக்கு 28. விமான நிலைய ரயிலும் அடங்கிய வாரப் பாஸ் 31.60, அதற்கான நவிகோ தெகூவெர்த் அட்டை 5, மொத்தம் 36.60. வித்தியாசம் 8.60 யூரோ. மெட்ரோவில் ஒரு பயணம் 2.50 என்பதால் நாலாவது பயணத்திலேயே அந்தக் காசு திரும்பிவிடும். அதன் பிறகு பஸ், மெட்ரோ எல்லாம் மேலதிகச் செலவில்லாமல்.

சிக்கல் இரண்டு. பாஸ் எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே செல்லும். நடப்பு வாரத்துக்கானதை வியாழன் வரைதான் விற்பார்கள். வெள்ளிக்கிழமை இறங்குகிறவர்கள் இதைத் தொட வேண்டாம். அடுத்தது, அட்டையில் பெயர் எழுதி, 25க்கு 30 மில்லிமீட்டர் படம் ஒட்டியிருக்க வேண்டும். படம் ஒட்டாத அட்டையோடு பரிசோதகரிடம் அகப்பட்டால் பாஸ் இருந்தும் தண்டம்தான். கொழும்பிலேயே அந்த அளவில் படம் எடுத்துக் கையோடு கொண்டு போங்கள். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது, நாலு பேருக்கும் நாலு அட்டை.

பாஸ் எடுக்காதவர்களுக்கு ஒரு குறிப்பு (இதுவும் 2025 விலை): நாலு பேருக்கு ரயில் டிக்கெட் 52 யூரோ. சென் நதியின் வலது கரைக்கு, லாசப்பல் உட்பட, டாக்சியின் நிர்ணயக் கட்டணம் 56. நாலு பெட்டியோடு வருகிறவர்களுக்கு டாக்சிதான் மேல். ஆனால் வருகை மண்டபத்துக்குள்ளேயே "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள். வெளியே வரிசையில் நிற்கும் டாக்சியை மட்டும் எடுங்கள்.

ரயில் என்றால் ஆர்.ஈ.ஆர். பி என்ற புறநகர் ரயில் தடத்தில் கார் து நோர் நிலையம் வரை அரை மணித்தியாலம். இறங்கி வெளியேறும் கதவிலும் அட்டையைத் தட்ட வேண்டும். அங்கிருந்து ஃபோபூர் சந்தெனி வீதி வழியே நடக்கும் தூரம்தான். பழைய மெட்ரோப் பெட்டிகள் சிலவற்றில் கதவு தானாகத் திறக்காது. கதவிலுள்ள சிறு உலோகக் கொளுக்கியை மேலே தூக்க வேண்டும். தெரியாமல் நின்றால் உங்கள் தரிப்பிடம் தாண்டிவிடும்.

கேள்வி: அக்கா கறிவேப்பிலை, முருங்கைக்காய், நெய், மாசி எல்லாம் கேட்கிறா. கொண்டு போகலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: நெய் கூடாது. பால் பொருட்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பொதியில் போகக் கூடாது. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்; இல்லாவிட்டால் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, தூரியன் ஆகிய ஐந்துக்கும் சான்றிதழ் தேவையில்லை. மாசியும் கருவாடும் ஒருவருக்கு 20 கிலோ வரை சரி. அரைத்த தூளும் பிரச்சினையில்லை; கடையில் வாங்கியதுபோல ஒட்டி, பெயர் எழுதி வையுங்கள். கறிவேப்பிலை லாசப்பல் கடைகளிலேயே கிடைக்கும், அக்காவுக்கு இது தெரியாமல் இராது.

கேள்வி: லூவர் அருங்காட்சியகத்துக்கு எந்த நாள் நல்லது?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: செவ்வாய் தவிர எந்த நாளும், செவ்வாயில் பூட்டு. (ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் பூட்டு.) 2026 ஜனவரி முதல் எங்களைப் போல ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு 32 யூரோ. 18 வயதுக்குக் கீழ் இலவசம், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். மோனாலிசா 77க்கு 53 சென்டிமீட்டர்தான், கண்ணாடிக்குப் பின்னால், முன்னே நூறு கைப்பேசிகள். அந்த மண்டபத்திலேயே எதிர்ச் சுவரில் கானாவூர்த் திருமணத்தைக் காட்டும் வெரோனேசியின் ஓவியம் சுவரையே நிரப்பி நிற்கிறது. எல்லோரும் அதற்கு முதுகு காட்டி நிற்பதால் நீங்கள் தாராளமாக நின்று பார்க்கலாம்.