கேள்வி – பதில்: மீற்றரும் சுற்றுக்குள் இருக்கிறது

கேள்வி: நான்கு 1.5 வோல்ற் பற்றரிகளுடன் 10 ஓம், 22 ஓம் தடையிகளைத் தொடராக இணைத்தேன். கணக்குப்படி 187 மில்லி அம்பியர் வரவேண்டும். மல்ரிமீற்றர் 165 காட்டியது. மீற்றரை எடுத்துவிட்டுச் சுற்றை மூடி அழுத்தம் பார்த்தால் 1.71, 3.77 வோல்ற், கூட்டினால் 6 இல்லை. தடையிகளும் கை சுடுகின்றன. பிறகு பற்றரியின் இரு முனைகளில் ஓட்டம் பார்த்தேன். அன்றிலிருந்து மீற்றர் ஓட்டத்துக்கு 0 தான் காட்டுகிறது.
– உயர்தர மாணவர், நிலாவெளி

பதில்: உங்கள் அளவீடுகள் பிழையில்லை. கணக்கில் சேர்க்காத தடைகள்தான் வித்தியாசத்துக்குக் காரணம்.

10 ஓமில் 1.71 வோல்ற் என்றால் ஓட்டம் 171 மில்லி அம்பியர். மீற்றரை இடையில் செருகியதும் அது 165 ஆகிறது. 200 மில்லி அம்பியர் வீச்சில் மலிவான மீற்றர்களின் உள்ளே ஏறத்தாழ 1 ஓம் உண்டு. உருகியும் வயர்களும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ஆகவே இவ்வளவு சிறிய தடைகளில், பெறுமானம் தெரிந்த தடையியின் அழுத்தத்தை அளந்து வகுத்து ஓட்டத்தைக் காண்பதே நல்லது. அதற்கு முன் தடையியைத் தனியே கழற்றி ஓம் பாருங்கள். 5 சதவீதத் தடையி 9.5 ஆகவும் இருக்கலாம்.

அடுத்து, ஆளியைத் திறந்து பற்றரியை அளவுங்கள். புதிய கலங்கள் நான்கும் சேர்ந்து 6.2 வோல்ற் காட்டினால், சுற்றை மூடியதும் 0.72 வோல்ற் தொலைகிறது. 0.72 ஐ 0.171 ஆல் வகுத்தால் 4.2 ஓம். இதில் ஒரு பங்கு கலங்களின் அகத்தடை. மற்றது பெரும்பாலும் பற்றரித் தாங்கியின் சுருள்கள். கடற்கரையோரத்தில் உப்புக்காற்று பட்டு அவை விரைவில் பச்சை பிடிக்கும். சுற்று ஓடும்போது ஒரு புரோப்பைக் கலத்தின் முனையிலும் மற்றதை அதைத் தொடும் சுருளிலும் வையுங்கள். நல்ல தொடுகை சில மில்லிவோல்ற் மட்டுமே காட்டும். கூடினால் மெல்லிய சாண்ட்பேப்பரால் தேயுங்கள்.

சூட்டுக்குக் காரணம் வலு. 22 ஓமில் 3.77 × 0.171 = 0.64 வாற்று, 10 ஓமில் 0.29 வாற்று. கடையில் சாதாரணமாகத் தருவது கால் வாற்றுத் தடையி. இரண்டுமே அளவு மீறிவிட்டன. சூடேறினால் தடையின் பெறுமானமும் நகரும். 100, 220 ஓம் போடுங்கள்: ஏறத்தாழ 19 மில்லி அம்பியர், பெரியதில்கூட 0.08 வாற்றுதான். அப்போது அழுத்தங்களின் கூட்டுத்தொகை பற்றரி அளவை நெருங்கும்.

0 காட்டுவது உருகி எரிந்ததால். ஓட்ட வீச்சில் மீற்றர் கிட்டத்தட்ட வெறும் வயர். பற்றரிக்குக் குறுக்கே வைத்தால் குறுஞ்சுற்று. மூடியில் எழுதியுள்ள அதே அளவு உருகியையே போடுங்கள், ஈயத்தாள் சுற்றவே வேண்டாம். பல மீற்றர்களில் 10 அம்பியர் துளைக்கு உருகியே இல்லை. ஓட்டம் பார்த்து முடிந்ததும் சிவப்புப் புரோப்பை உடனே வோல்ற் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து 230 வோல்ற் பிளக்கில் வைத்தால் உயிருக்கே ஆபத்து.