மாதிரிக் கட்டுரைக்கு ஆறாயிரம் ரூபாயா?

கேள்வி: என் மகள் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் ஐந்தாண்டுகளாக வேலை பார்க்கிறாள். வெளிநாட்டில் எம்பிஏ படிக்க விண்ணப்பிக்கிறாள், விண்ணப்பத்தோடு கட்டுரைகளும் எழுதித் தர வேண்டும். இடம் கிடைத்தவர்கள் எழுதியவை என்று ஐம்பது மாதிரிக் கட்டுரைகளுக்கு ஓர் ஆலோசனை நிலையம் 6,000 ரூபாய் கேட்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் இரும்புக் கடைக் கணக்கைப் பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தவள் அவள்தான். கணக்கு வரும், எழுத வராது என்கிறாள். வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். இரண்டு மூன்று கட்டுரைகள் படித்தால் போதும். அவை காசில்லாமலே கிடைக்கும்.

படிப்பதில் பயன் இல்லாமல் இல்லை. பரீட்சைக்கு எழுதிப் பழகிய நம் பிள்ளைகள் 'தலைமைப் பண்பு என்பது யாதெனில்' என்று தொடங்கிவிடுவார்கள். அங்கே கேட்பது நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்பதை. முன்னூறு சொல்லுக்குள் ஒரு சம்பவம் எவ்வளவு அடங்கும் என்பது நாலாவது கட்டுரைக்கு முன்பே பிடிபட்டுவிடும்.

விற்பவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த ஐம்பது பேரின் ஜிமேட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) மதிப்பெண், வேலை அனுபவம், பரிந்துரைக் கடிதம் எதுவும் அந்தக் கட்டுரைக் கட்டுக்குள் இராது. கட்டுரையால் இடம் கிடைத்ததா, கட்டுரை சுமாராக இருந்தும் கிடைத்ததா, யாருக்குத் தெரியும்? கேள்விகளும் மாறுகின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளி 2024இல் தன் ஒற்றை நீளக் கட்டுரையை விட்டுவிட்டு மூன்று சிறு கட்டுரைகள் கேட்கத் தொடங்கியது. பழைய கட்டு பழைய கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

எடுத்து எழுதினால் அகப்படவும் செய்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வந்து வெகுநாளாகிறது. 2010இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் வணிகப் பள்ளியில் 29 விண்ணப்பங்கள் அப்படிச் சிக்கின. கேட்கப்பட்ட தலைப்போ, நெறி தவறாத தலைமை!

நம் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் யார் வீட்டு ஐயாவின் படமோ தேக்குச் சட்டத்தோடு கிடைக்கும். வாங்கி வந்து முகப்பில் மாட்டலாம், மீசை கம்பீரமாகவே இருக்கும். வந்தவர் 'ஐயா எந்த ஊரில் கொண்டுவிற்றார்?', அதாவது எங்கே போய் வியாபாரம் செய்தார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? நேர்முகத்தில் கேட்பதும் அந்த மாதிரிக் கேள்விதான்.

மகளை முதலில் எழுதச் சொல்லுங்கள், மோசமாக வந்தாலும் சரி. மாதிரியை அதன் பிறகு படிக்கட்டும். முன்னால் படித்தால் அடுத்தவர் நடை கையில் ஒட்டிக்கொள்ளும். எதை எழுதுவது என்ற கவலையே அவளுக்கு வேண்டாம். பேரேட்டை விட மறுத்த கணக்குப்பிள்ளையை எப்படிச் சமாளித்தாள், முதல் மாதம் எங்கே தப்பு நடந்தது, நீங்கள் எத்தனை நாள் கோபமாக இருந்தீர்கள், இவை எந்தக் கட்டுக்குள்ளும் கிடையாது.

கேள்வி: 'இடம் நிச்சயம், இல்லையேல் பணம் வாபஸ்' என்ற துண்டறிக்கையை நம்பி, மகனின் கட்டுரைகளைத் திருத்தித் தர 18,000 ரூபாய் கட்டினேன். எங்கும் இடம் கிடைக்கவில்லை. பணம் கேட்டால் போனை எடுப்பதில்லை.
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: இடம் கொடுப்பது கல்லூரி, அதை நிச்சயம் என்று இன்னொருவர் விற்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஆச்சி. ஆனாலும் வழி இருக்கிறது. துண்டறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாவிட்டால் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு போதும். ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் தவணை கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிவையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். துண்டறிக்கையின் மை மங்குமுன் நகல் எடுத்துவிடுங்கள்.