விமானத்தில் பெரிய டெஸ்க்டாப்பைக் கொண்டுபோகும்போது கிராபிக்ஸ் கார்டை ஏன் கழற்றச் சொல்கிறார்கள்?

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தெரியும் காட்சிகளை உருவாக்கித் தரும் தனிப் பலகை. பெரிய கார்டு ஒரு கிலோவைத் தாண்டும், அத்தனை கனமும் ஓரத்தில் ஓரிரு ஸ்க்ரூ, மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) கார்டைச் செருகும் ஒரு பிளாஸ்டிக் ஸ்லாட், இவற்றை நம்பித்தான் நிற்கிறது. சுவர் ஆணியில் மாட்டிய கனமான பை மாதிரி: சும்மா இருக்கும்வரை தொங்கும், பிடித்து உலுக்கினால் ஆணி காரையோடு பெயர்ந்து வரும். சரக்கு ஏற்றி இறக்கும்போது பெட்டி விழும், கவிழும். அதனால் கார்டைக் கழற்றி, நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் ஆன்டி-ஸ்டாட்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட் ஓரத்துச் சின்னக் கொக்கியை முதலில் விடுவித்துவிட்டு இழுங்கள், தயவுசெய்து பலம் கொடுக்காதீர்கள், ஸ்லாட்டே உடைந்துவிடும். பிராசஸர் மேல் கோபுரம் மாதிரி நிற்கும் கூலருக்கும் இதே ஆபத்துதான். அப்புறம், விமான நிலைய எக்ஸ்ரே ஹார்டு டிஸ்க்கை அழித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அழிக்காது, அதைக் கெடுப்பது அடியும் அதிர்ச்சியும்தான்.